ஈர்ப்புக்கு ஓர் உரைகல்

இரவு வேளையில் தொலைதூரத்து மத்திய அலை நிலையமொன்றை வானொலியிற் கேட்போர் ஒரு விந்தையை அடிக்கடி உணர்வர். பாட்டு நன்கு ஒலித்துக்கொண்டிருக்கும்; திடீரெனத் தேய்ந்து மறையும்; சிறிது நேரத்தின் பின் மீண்டும் உரத்து எழும். பெட்டியிலும் பழுதில்லை, நிலையத்திலும் பழுதில்லை. நிலையத்திலிருந்து புறப்பட்ட அலை இரு வழிகளால் வந்து சேர்வதே இதற்குக் காரணமாகும். ஒரு பகுதி நிலத்தை ஒட்டி வருகின்றது. மற்றொரு பகுதி வானிலே உயரச் சென்று, அயனமண்டலத்தில் மோதித் திரும்பி வருகின்றது. இரண்டும் முடியோடு முடி பொருந்தி வருமாயின் ஒலி பெருகும். ஒன்றின் முடியும் மற்றதன் தாழியும் ஒருங்கே வந்து சேருமாயின் ஒன்றை ஒன்று அழிக்கும், ஒலி மங்கிவிடும்.

இதனையே பௌதிக நூலார் அலைகளின் தலையீடு என்பர். குளத்து நீரில் இரு கற்களை ஏககாலத்தில் எறிந்து, எழும் வட்டங்கள் ஒன்றையொன்று கடக்குமிடத்தைக் கூர்ந்து நோக்கினால் இதனைக் கண்ணாலேயே காணலாம். இத்தகைய எளிய நிகழ்ச்சி ஒன்றைக் கருவியாகக் கொண்டு, இக்காலப் பௌதிகத்தின் மிகக் கடினமான வினாவுக்கு விடைகாண விஞ்ஞானிகள் முயல்கின்றனர். அவ்வினா யாது? அதனைத் தலையீட்டால் எவ்வாறு சோதிக்க முடியும்? இவ்விரண்டையும் ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

தலையீட்டின் பெருமை அதன் நுட்பத்தில் உள்ளது. ஒரே அலையை இரண்டாகப் பிரித்து, இரு வழிகளிற் செலுத்தி, மீண்டும் ஒன்றுசேர்த்தால், ஒரு வழி மற்றதிலும் பார்க்க அலைநீளத்திற் பாதியளவு கூடினாலே போதும். ஒளி இருளாக மாறிவிடும். கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளமோ ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்தது. ஆகவே, தலையீடு என்பது இரு வழிகளை ஒப்பிட்டுப் பார்க்க இயற்கை தந்த மிக நுண்ணிய தராசு எனலாம்.

இத்தராசின் வரலாறு படிப்பினை மிக்கது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய வைத்தியரான தோமஸ் யங் என்பார் ஒளியின் தலையீட்டை எடுத்துக்காட்டி, ஒளி அலைவடிவினது என்பதை நிலைநாட்ட வழிகோலினார். 1887 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மைக்கல்சன், மோர்லி என்னும் இருவர், வெளியெங்கும் நிறைந்துள்ளதாகக் கருதப்பட்ட ஈதர் என்ற ஊடகத்தினூடாகப் பூமி செல்வதை ஒளியின் தலையீட்டால் அளக்க முனைந்தனர். எதிர்பார்த்த மாற்றம் தோன்றவில்லை. அவர்களுக்கு அது தோல்வியாகத் தோன்றியது. ஆயினும், ஈதர் என்ற எண்ணத்தையே கைவிடச் செய்த சான்றுகளுள் அது தலையாயதாயிற்று. 2015 செப்டெம்பர் 14 ஆம் திகதி, 4 கிலோமீற்றர் நீளக் கைகளையுடைய தலையீட்டுமானிகள் இரண்டு, தொலைவிலே இரு கருந்துளைகள் ஒன்றிணைந்தமையால் எழுந்த ஈர்ப்பலையை முதன்முதலாகப் பதிவு செய்தன. அப்போது அக்கைகளின் நீளத்தில் ஏற்பட்ட மாற்றம், அணுக்கருவிலுள்ள புரோத்தன் ஒன்றின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்களவேயாகும்.

இனி வினாவுக்கு வருவோம். 20ஆம் நூற்றாண்டு பௌதிகத்துக்கு இரு பெருங் கொள்கைகளை வழங்கிற்று. ஒன்று, 1915 ஆம் ஆண்டில் ஐன்ஸ்ரைன் நிறைவு செய்த பொதுச் சார்புக் கொள்கை. ஈர்ப்பு என்பது வெளியும் காலமும் வளைவதனால் விளைவது என்று அது கூறுகின்றது. கோள்களின் இயக்கம், ஒளி வளைதல், ஈர்ப்பலை ஆகிய யாவும் அக்கொள்கைக்கு அமைவாகவே நிகழக் காண்கிறோம். மற்றையது, குவாண்டம் கொள்கை எனப்படும் சத்திச்சொட்டுக் கொள்கை. அணுவும் அதன் உள்ளுறுப்புக்களும் ஒழுகும் முறையை அது விளக்குகின்றது. இலத்திரன் போன்ற துணிக்கையும் அலையைப்போல் ஒழுகும் என்று 1924 இல் பிரான்சு தேசத்தவரான லூயி டி புறோய் கூறினார். மூன்றாண்டுகளுக்குள் அது பரிசோதனையால் மெய்ப்பிக்கப்பட்டது. அலையாயின், ஒரு துணிக்கை ஒரே வேளையில் இரு வழிகளிலும் செல்லும் நிலை உண்டாதல் வேண்டும். இதனை மேற்பொருந்துநிலை என்பர்.

இவ்விரு கொள்கைகளும் தத்தம் எல்லைக்குள் பிழையறியாதன. ஆயினும், இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து நோக்குமிடத்து முரண்பாடு எழுகின்றது. ஒரு பொருள் ஒரே வேளையில் இங்கும் அங்கும் இருக்கும் மேற்பொருந்துநிலையில் உள்ளது என்று கொள்வோம். அப்பொருளின் ஈர்ப்பு எவ்விடத்தை நோக்கி இழுக்கும்? இங்கா, அங்கா, இரண்டுக்கும் நடுவிலா? அன்றி, ஈர்ப்பும் அப்பொருளைப் போலவே மேற்பொருந்துநிலையை அடையுமா? ஐன்ஸ்ரைனின் சமன்பாடுகள் பொருள் எங்குள்ளது என்பதைத் திட்டமாகச் சொல்லுமாறு கேட்கின்றன. குவாண்டம் கொள்கையோ திட்டமாகச் சொல்ல மறுக்கின்றது. வெளியும் காலமும் வளைவதே ஈர்ப்பெனின், இவ்வினா வெளி, காலம் என்பவற்றின் இயல்பைப் பற்றிய வினாவுமாகும்.

இச்சிக்கலை முதலில் உணர்ந்தவர்களுள் ஐன்ஸ்ரைனும் ஒருவர். 1916 ஆம் ஆண்டிலேயே, குவாண்டம் கொள்கை தம் ஈர்ப்புக் கொள்கையையும் திருத்த வேண்டி வரும் என அவர் குறிப்பிட்டார். ஆழ்ந்து ஆராய்ந்தவர் லெனின்கிராட் நகரத்து இளம் விஞ்ஞானி மத்வெய் புரொன்ஸ்ரைன். ஒரு சிறு இடத்திலுள்ள ஈர்ப்பை நுட்பமாக அளக்கப் பாரமான சோதனைப்பொருள் வேண்டும். பாரம் அளவு மீறினால் அப்பொருளின் ஈர்ப்பே அவ்விடத்தை மூடிக்கொண்டுவிடும். ஆதலால் ஈர்ப்பை அளப்பதற்குக் கடக்க முடியாத ஓர் எல்லை உண்டு என்று 1936 ஆம் ஆண்டில் அவர் எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டில் ஸ்டாலின் ஆட்சியின் காவலர் அவரைக் கைது செய்தனர். 1938 பெப்ரவரியில், 31 வயதிலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் எழுப்பிய வினா மட்டும் அவரோடு மடியவில்லை.

அதன்பின் பலர் குவாண்டம் ஈர்ப்புக்குக் கணித வடிவம் கொடுக்க முயன்றனர். கொள்கைகள் பெருகின, அவற்றுள் எது மெய், எது பொய் என்று காட்டும் பரிசோதனையோ இல்லாதிருந்தது. காரணம் ஈர்ப்பின் மெலிவு. மாமரம் ஒன்றிலிருந்து பழத்தை வீழ்த்த முழுப் பூமியும் இழுக்க வேண்டியிருக்கிறது. சீப்பொன்றைத் தலைமயிரில் உரைத்தாலோ, அது பூமியின் இழுப்பையும் மீறிக் காகிதத் துண்டைத் தூக்கிவிடுகிறது. இரு புரோத்தன்களுக்கு இடையேயுள்ள மின்விசை, அவற்றின் ஈர்ப்பு விசையிலும் எத்தனை மடங்கு பெரிதெனின், ஒன்றின்பின் 36 சுழிகளை இட்டு வரும் எண்ணின் மடங்காகும்.

ஈர்ப்பின் குவாண்டம் இயல்பு வெளிப்படக்கூடிய நீளத்தைப் பிளாங்கு நீளம் என்பர். மீற்றர் அளவில் அதனை எழுதப் புகின், தசமப் புள்ளிக்குப்பின் 34 சுழிகளை இட்டு, அதன்பின் 16 என எழுத வேண்டும். துணிக்கைகளை மோதவிட்டு அந்நீளத்தை ஆராய்வதெனின், ஜெனீவா நகரின் அருகே 27 கிலோமீற்றர் சுற்றளவில் நிலத்தடியிலுள்ள பெரும் மோதுபொறியிலும் பார்க்க, ஒன்றின்பின் 15 சுழிகள் கொண்ட எண்ணின் மடங்களவு சத்தி வேண்டும். மனிதர் கட்டக்கூடிய பொறியன்று அது. ஆகவே, இவ்வினா விஞ்ஞானத்துக்கு அப்பாற்பட்டது, தத்துவ நூலாருக்கே உரியது என்று பலர் கைவிட்டதில் வியப்பில்லை. பலத்தால் முடியாத இக்காரியத்தை நுட்பத்தால் முடிக்கலாமா என்று கேட்டவர்களே தலையீட்டின் உதவியை நாடினர்.

முதற் படி 1975 ஆம் ஆண்டில் எடுத்து வைக்கப்பட்டது. கொலெல்லா, ஓவர்ஹவுசர், வேர்னர் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் மூவர், அணுவுலை ஒன்றிலிருந்து வரும் நியூத்திரன்களைக் கொண்டு ஒரு பரிசோதனை செய்தனர். நியூத்திரனுக்கு மின்னேற்றம் இல்லை. ஆகையால் மின்விசையின் தொல்லை குறைவு. ஒரே சிலிக்கன் பளிங்கிலிருந்து மூன்று தகடுகள் எழுந்து நிற்குமாறு வெட்டப்பட்ட சிறு கருவியொன்றினுள் நியூத்திரன் அலை புகுந்து, இரண்டாகப் பிரிந்து, மீண்டும் ஒன்றுசேர்ந்தது. கருவி கிடையாக இருக்கையில் இரு வழிகளும் ஒரே உயரத்தில் இருந்தன. கருவியைச் சாய்த்தபோது, ஒரு வழி மற்றதிலும் சில சென்றிமீற்றர் உயர்ந்தது. உயர்ந்த வழியிற் செல்லும் அலை, பூமியின் ஈர்ப்புக்கு எதிராக ஏறியதால் சிறிது வேகம் குறைந்தது. அவ்வேற்றுமை, வந்துசேரும் நியூத்திரன்களின் எண்ணிக்கை கூடுவதும் குறைவதுமாக மாறி மாறி வந்ததிலிருந்து தெளிவாகப் புலப்பட்டது.

இதன் சிறப்பு யாதெனில், அப்பரிசோதனையின் முடிவைக் கணிக்கும் சூத்திரத்தில் நியூற்றனின் ஈர்ப்பும் பிளாங்கின் மாறிலியும் அருகருகே இடம்பெறுகின்றன. இரு உலகங்களும் ஒரே ஏட்டில் கையொப்பமிட்டமை அதுவே முதன்முறை. பின்னர் லேசர் ஒளியால் அணுக்களைக் குளிர்வித்து, அவற்றையே அலைகளாகப் பிரித்துச் சேர்க்கும் முறை 1991 அளவில் உருவாயிற்று. 2015 ஆம் ஆண்டில் கலிபோணியாவிலுள்ள ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில், 10 மீற்றர் உயரக் கோபுரமொன்றினுள் உருபிடியம் அணுக்களின் அலை 54 சென்றிமீற்றர் இடைவெளிக்குப் பிரிக்கப்பட்டு மீண்டும் சேர்க்கப்பட்டது. ஓர் அணு, அரை மீற்றருக்கு மேற்பட்ட இடைவெளியில் ஒரே வேளையில் இரு இடங்களின் மேற்பொருந்துநிலையில் இருந்தது என்பது இதன் பொருளாகும்.

இங்கே ஒரு நுண்ணிய வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் அவசியம். இப்பரிசோதனைகள் யாவற்றிலும் இழுப்பது பூமி, இழுபடுவது அணு. இழுபடும் பொருள் குவாண்டம் விதிக்கு அமைந்து நடந்தாலும், இழுக்கும் ஈர்ப்பு பழைய மரபுப்படியே அமைந்திருக்கலாம். குளத்தில் தோணி ஆடுவதைக் கண்டு நீரின் அசைவை அறியலாம். நீர் எதனால் ஆனது என்பதை அதிலிருந்து அறிய முடியாது. ஈர்ப்பின் இயல்பை அறிய வேண்டுமாயின், இரு இடங்களில் ஒருங்கே இருக்கும் பொருளே மற்றொரு பொருளை இழுத்தல் வேண்டும்.

இவ்வெண்ணத்தை முதன்முதலில் எடுத்துரைத்தவர் றிச்சட் பைன்மன். 1957 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துச் சப்பல் ஹில் நகரில் ஈர்ப்பைப் பற்றிய மாநாடொன்று நடைபெற்றது. அங்கே அவர் ஒரு மனப்பரிசோதனையைக் கூறினார். மேற்பொருந்துநிலையிலுள்ள சிறு துணிக்கை ஒன்றைக் கொண்டு, சிறு பந்தொன்று இப்புறமோ அப்புறமோ அசையுமாறு செய்தால், அப்பந்தும் மேற்பொருந்துநிலையை அடையும். அதன் ஈர்ப்பு மற்றொரு பந்தை அசைக்கும். குவாண்டம் கொள்கையை இறுதிவரை நம்புவதாயின் ஈர்ப்பையும் குவாண்டம் ஆக்கியே தீரவேண்டும் என்பதே அவர் வாதம். 1981 ஆம் ஆண்டில் பேஜ், கெயில்க்கர் என்னும் இருவர், கதிர்த்தொழிற்பாட்டின் விளைவுக்கேற்ப ஈயப் பொருள்களை இடம்மாற்றி, அவற்றின் ஈர்ப்பை முறுக்குத் தராசால் அளந்தனர். ஈர்ப்பு இரு இடங்களுக்கும் சராசரியான இடத்தை நோக்கி இழுக்கவில்லை. பொருள் காணப்பட்ட இடத்தை நோக்கியே இழுத்தது. ஈர்ப்பு சராசரியைப் பின்பற்றும் என்ற கருத்தின் எளிய வடிவம் அத்துடன் பெரிதும் வலுவிழந்தது. எனினும், பைன்மனின் வினாவுக்கு நேர்விடை கிட்டவில்லை.

2017 ஆம் ஆண்டின் இறுதியில் ஒரே இதழில் இரு கட்டுரைகள் அடுத்தடுத்து வெளியாயின. ஒன்றை இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த சௌகத்தோ போசும் அவர் துணைவர்களும், மற்றொன்றை ஒக்ஸ்போட்டைச் சேர்ந்த சியாரா மர்லெட்டோ, விலட்கோ வெத்ரல் ஆகிய இருவரும் எழுதினர். இரு குழுவினரும் தனித்தனியே கண்ட வழி ஒன்றே.

அவ்வழி வருமாறு. ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு அளவான இரு வைரத் துகள்களை எடுத்துக்கொள்க. ஒவ்வொன்றின் உள்ளும் ஒரு காபன் அணு இருக்க வேண்டிய இடம் வெறுமையாகவும், அதன் அருகே ஒரு நைதரசன் அணு அமர்ந்தும் இருக்கும். அவ்விடம் மிகச் சிறிய காந்தம் போல ஒழுகும். அக்காந்தத்தை மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் உள்ள மேற்பொருந்துநிலையில் வைத்து, காந்தப்புலத்தினூடாகத் துகளை விழவிட்டால், துகள் முழுவதும் இரு வழிகளாகப் பிரியும். வழிகளுக்கிடையே ஏறத்தாழ கால் மில்லிமீற்றர் இடைவெளி. இவ்வாறே பிரிந்த மற்றொரு துகள் அருகே விழுகின்றது. இரண்டுக்கும் இடையே மின்விசை, காந்தவிசை எதுவும் தொழிற்படாதவாறு தடுத்து, ஈர்ப்பு மட்டும் தொழிற்பட விடப்படுகின்றது. இந்நிலை சுமார் இரண்டரைச் செக்கன் நீடித்தால் போதும். முதலாவது துகளின் வலப்பக்க வழியும் இரண்டாவது துகளின் இடப்பக்க வழியும் மிக அணுக்கமானவை. ஆதலால் அவ்விணையில் ஈர்ப்பின் பாதிப்பு ஏனைய இணைகளிலும் கூடுதலாகும். எனவே ஒரு துகளின் அலை எவ்வளவு பிந்தியது என்பது, மற்றத் துகள் எவ்வழியில் உள்ளது என்பதைப் பொறுத்ததாகின்றது. ஒன்றின் நிலையை மற்றதன் நிலையின்றித் தனித்துச் சொல்ல இயலாது போகும். இதனையே பிணைப்புநிலை என்பர்.

பிறகு துகள்களின் வழிகளை ஒன்றுசேர்த்து, அவற்றினுள் உள்ள சிறு காந்தங்கள் எத்திசை நோக்குகின்றன என்பதைப் பலமுறை அளந்து ஒப்பிட வேண்டும். ஒரு துகளை மட்டும் தனியே நோக்கினால் தலையீடு மங்கித் தோன்றும். இரண்டின் அளவீடுகளையும் இணைத்து நோக்கினாலோ, மறைந்த ஒழுங்கு மீண்டும் வெளிப்படும். அந்த ஒழுங்கே பிணைப்பின் சான்று.

இச்சான்று கிடைத்தால் என்ன நிரூபிக்கப்படும்? இரு ஊர்களில் இருக்கும் இருவர் தபாற்காரர் கொண்டுசெல்லும் கடிதங்களால் மட்டுமே தொடர்பு கொள்வதாக நினைத்துக்கொள்வோம். கடிதத்தில் எழுத்து ஒன்றேயாக, திட்டமாக இருக்கும். அத்தகைய கடிதங்கள் எத்தனை பரிமாறினும், முன்பு பிணைப்பில்லாத இரு துணிக்கைகளைக் குவாண்டம் முறையிற் பிணைக்க இயலாது என்பது கணிதத்தால் உறுதிசெய்யப்பட்ட விதி. பிணைப்பு உண்டாயின், இடையே சென்ற தூதும் குவாண்டம் இயல்புடையதாதல் வேண்டும். இங்கே தூது ஈர்ப்பு. ஆகவே, பிணைப்பைக் கண்டால், ஈர்ப்பும் ஒரே வேளையில் இருநிலைப்படும் தன்மையது என்ற முடிவு பெறப்படும். பிளாங்கு நீளத்தை எட்டும் பெரும்பொறி எதுவும் இதற்கு வேண்டியதில்லை.

இவ்வாதத்தை யாவரும் முழுதாக ஏற்றுக்கொண்டனர் என்பதற்கில்லை. அருகிலுள்ள பொருள்களின் நிலையான இழுப்பைக் கொண்டு, ஈர்ப்பின் அலைகளும் சொட்டுச் சொட்டாக அமைந்தவை என்று துணிய முடியாது என்பர் சிலர். 2025 ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் வெளியான ஆய்வொன்று, பொருளைக் குவாண்டம் புலமாகக் கொண்டால், மரபுவழி ஈர்ப்பின் முன்னிலையிலும் பிணைப்பு எழக்கூடும் என்று வாதித்தது. அதனை மறுத்தோரும் உளர். சான்று கையில் வருமுன்பே, அச்சான்று எதனை நிரூபிக்கும் என்று சண்டையிடுவது வீண்வேலை போலத் தோன்றலாம். அவ்வாறன்று. உரைகல்லின் தரம் தெரியாவிடின் பொன்னின் மாற்றையும் அறிய முடியாதன்றோ!

செயன்முறையில் உள்ள இடர்களோ மலை போன்றவை. தலையீடு காண்பதற்கு இலேசான பொருள் வசதியானது. ஈர்ப்பை உணர்வதற்குப் பாரமான பொருள் வேண்டும். ஒஸ்திரியாவின் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் 1999 ஆம் ஆண்டில் 60 காபன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளின் அலை இயல்பு காட்டப்பட்டது. 2019 இல் அங்கே ஏறத்தாழ 2,000 அணுக்கள் கொண்ட மூலக்கூறுகள் தலையிடச் செய்யப்பட்டன. அம்மூலக்கூறு ஒன்றின் திணிவு ஐதரசன் அணுவினதிலும் 25,000 மடங்கு. மேற்கூறிய வைரத் துகளின் திணிவோ அம்மூலக்கூறினதிலும் 20 கோடி மடங்குக்கு மேற்பட்டது. மறுபுறத்தில், அதே வியன்னாவில் 2021 ஆம் ஆண்டில், 2 மில்லிமீற்றர் விட்டமும் 90 மில்லிகிராம் அளவு திணிவும் கொண்ட இரு பொற்குண்டுகளுக்கு இடையேயுள்ள ஈர்ப்பு அளக்கப்பட்டது. வைரத் துகளின் திணிவு அக்குண்டினதில் பல நூறு கோடியில் ஒரு பங்கேயாகும். ஒரு புறம் மூலக்கூறு மேலேறி வருகின்றது. மறுபுறம் பொற்குண்டு கீழிறங்கி வருகின்றது. இரண்டும் சந்திக்கும் இடத்திலேதான் விடை காத்திருக்கின்றது.

திணிவு மட்டுமன்று, தனிமையும் வேண்டும். துகளின்மீது ஒரேயொரு வாயு மூலக்கூறு மோதினாலும், அது எவ்வழியில் உள்ளது என்ற செய்தி வெளியே கசிந்துவிடும், தலையீடு அழியும். துகள் வெளிவிடும் வெப்பக் கதிரும் அவ்வாறே காட்டிக்கொடுக்கும். ஆதலால் கடுங்குளிரும் மிக உயர்ந்த வெற்றிடமும் இன்றியமையாதன. துகள்கள் மிக அணுகினால், மின்னேற்றம் இல்லாதபோதும் அவற்றிடையே கசிமிர் விசை என்னும் மின்காந்த விசை தோன்றி ஈர்ப்பை மூடிவிடும். விலகினாலோ ஈர்ப்பே போதாது. பரிசோதனைச் சாலைக்கு அப்பால் வீதியிற் செல்லும் வண்டியின் அதிர்வும் கணக்கிற் கொள்ள வேண்டியதே.

முடிவு இல்லையென வந்தாலும் அது பேறாகும். ஈர்ப்பு குவாண்டம் இயல்புக்கு அடங்காதது என்று கருதுவோரும் பெரும் அறிஞரே. ஒரு பொருளின் இரு நிலைகளும் வெளியை இருவிதமாக வளைப்பதால், அம்மேற்பொருந்துநிலை நீடிக்க முடியாது தானே குலைந்துவிடும் என்பது இங்கிலாந்தைச் சேர்ந்த ரொஜர் பென்றோசின் கருத்து. சிறு துணிக்கைக்கு அது நெடுங்காலம் எடுக்கும். பெரும்பொருளுக்கு நொடிப்பொழுதும் வேண்டாம். ஹங்கேரி நாட்டு லாயோஸ் தியோசியும் இதனை ஒத்த கொள்கையை முன்னரே கூறியிருந்தார். அவ்வாறு குலையும்போது சிறு கதிர்வீச்சு வெளிப்பட வேண்டும் என்ற எளிய வடிவத்தை, இத்தாலியின் கிரான் சாசோ மலையின் அடியில், 1,400 மீற்றர் பாறையின் கீழ் வைக்கப்பட்ட கருவியால் விஞ்ஞானிகள் சோதித்தனர். எதிர்பார்த்த கதிர்வீச்சு காணப்படவில்லை என 2020 இல் அறிவித்தனர். அக்கொள்கையின் மிக எளிய வடிவம் அதனால் நீங்கிற்று. ஏனைய வடிவங்கள் எஞ்சியுள்ளன. 2023 ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த ஜொனதன் ஒப்பன்கைம், ஈர்ப்பு மரபுவழியானதாயின் அது ஒழுங்கின்றித் தடுமாறுதல் வேண்டும், அத்தடுமாற்றத்தைத் திணிவை மிக நுட்பமாக அளந்து சோதிக்கலாம் என்று கூறினார்.

ஒளியின் தலையீட்டாலும் இத்தகைய கருத்தொன்று சோதிக்கப்பட்டுள்ளது. வெளி என்பது இடையறாத பரப்பன்று, செய்தித்தாளின் படம் புள்ளிகளால் ஆவதுபோல அளவிட்ட கூறுகளால் ஆனது. ஆகவே பொருள்களின் இடம் இடையறாது சிறிது நடுங்கும் என ஒருவகைக் கருத்து உண்டு. சிக்காகோ நகரின் அருகிலுள்ள பேர்மி ஆய்வுகூடத்தில், 40 மீற்றர் கைகளையுடைய இரு தலையீட்டுமானிகள் அருகருகே அமைக்கப்பட்டன. கருவியின் சொந்த நடுக்கம் ஒவ்வொன்றிலும் வெவ்வேறாக இருக்கும். வெளியின் நடுக்கமோ இரண்டிலும் ஒன்றாக இருத்தல் வேண்டும். ஒலோமீற்றர் எனப் பெயர்பெற்ற அக்கருவியின் முதல் முடிவுகள் 2015 இல் வெளிவந்தன. தேடிய நடுக்கம் காணப்படவில்லை. அக்கருத்தின் ஒரு வடிவம் கைவிடப்பட்டது. பிளாங்கு அளவைத் தொடும் எண்ணம் ஒன்று, நாற்பது மீற்றர் குழாய்களால் பொய்யென்று காட்டப்பட்டமை சிறிய வெற்றியன்று.

இவற்றால் மக்களுக்கு என்ன பயன் என்று கேட்போர் உளர். பயன் ஏற்கெனவே வரத் தொடங்கிவிட்டது. அணுத் தலையீட்டுமானியால் ஈர்ப்பு மாற்றத்தை அளந்து, நிலத்தடியில் மறைந்திருந்த சுரங்கவழி ஒன்றைப் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தினர் 2022 இல் வெளியுலகில் வைத்தே கண்டுபிடித்தனர். நிலத்தடி நீரையும் வெற்றிடங்களையும் தேடுவதற்கு இம்முறை துணைபுரியக்கூடும். எனினும் இது பக்கப்பயனே. ஒரு கொள்கை எத்துணை அழகியதாயினும், எத்துணைப் பெரியார் கூறியதாயினும், இயற்கையின் முன்னிலையிற் சோதிக்கப்படும்வரை அது கருத்தாகவே நிற்கும். குவாண்டம் ஈர்ப்பு பற்றிய கருத்துக்கள் புரொன்ஸ்ரைன் காலந்தொட்டு எண்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சோதனையின் வாயிலைக் காணாமலே வளர்ந்தன. இப்போது வாயில் தெரிகின்றது; கதவு இன்னும் திறக்கவில்லை.

கதவு திறக்க எத்தனை ஆண்டுகள் செல்லும் என்று எவராலும் கணித்துக் கூற இயலாது. விடை ஆம் என வந்தால், வெளியும் காலமும் கூட இருநிலைப்படும் என்பதை மனிதர் ஏற்க நேரும். இல்லை என வந்தால், நூறு ஆண்டுகளாக எங்கும் வெற்றிகண்ட குவாண்டம் கொள்கைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை ஏற்க நேரும். இரண்டில் எதுவாயினும், அதனை அறிவிக்கப் போவது, ஓர் அலையின் முடியும் மற்றொன்றின் தாழியும் சந்திக்கும் அதே நிகழ்ச்சியே. இரவில் வானொலி மங்கி மீண்டும் ஒலிக்கும்போது, அம்மங்கலுக்குள் இத்தகைய வினா ஒன்றும் மறைந்துள்ளது என்பதை நேயர்கள் நினைவிற் கொள்வார்களாக.